தொண்டை ஒரு அங்குலம்

கெலிஓயாவில் ஸ்பீக்கர் அளப்பதற்கு நான் கண்ட நல்ல நேரம் காலை 10 மணியிலிருந்து 11.30 வரை. அதற்கு முன்னால் பேராதனை - கம்பளை வீதியில் பஸ்ஸும் பள்ளிக்கூட வேனும் ஓயாது. 12 மணி தாண்டினால் லுஹர் பாங்கு. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி இடிக்கும். வயரைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். இரவில் ஊர் அடங்கும், சில்வண்டு அடங்காது. முதன்முதலாக ஒரு இரவு மைக்கை நிறுத்தி, இரைச்சலை ஓடவிட்டு அளந்தபோது 4 கிலோஹெர்ட்ஸுக்கும் 5க்கும் நடுவே வரைபில் ஊசி மாதிரி ஒன்று எழுந்து நின்றது. ஸ்பீக்கரின் குறை என்று நினைத்தேன். ஆணிகளைக் கழற்றி, டயபிரத்தை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி பூட்டி அளந்தால் மறுபடி அதே ஊசி. கடைசியில் அம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு வெறும் அறையை அளந்தேன். ஊசி அசையவில்லை. யன்னலுக்கு வெளியே பலா மரத்தில் இருந்த பூச்சி அது.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒன்றையும் ஓடவிடாமல் அறையை மட்டும் அளந்து வைத்துக்கொள்கிறேன்.

நான் மைக் செட்காரர் மகன். அப்பா புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து இறங்கி வந்து கெலிஓயாவில் ரேடியோ திருத்தும் கடை போட்டவர். திருத்து வேலை அரைவயிற்றுக்குத்தான் காணும் என்பதால் லவுட்ஸ்பீக்கர் வாடகையும் சேர்ந்துகொண்டது. நாலு ஹோர்ன், இரண்டு அம்ப், ஒரு ரெக்கோட் பிளேயர். தோட்டத்துக் கோயில் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி, கல்யாணம், பாடசாலை விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் அதே நாலு ஹோர்ன்தான் போகும். பாக்கு மரத்தில் ஏறிக் கட்டுவது என் வேலை. அப்பா கீழே நின்று, "வாயைப் பள்ளத்துக்குக் காட்டுடா, எதிர் மலைக்குக் காட்டாதே" என்பார். எதிர் மலையில் பட்டால் சொல் இரண்டாகத் திரும்பி வரும். அவர் எந்தப் புத்தகத்திலும் அதைப் படித்தவரில்லை. பொழுது சாய்ந்து பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும்போது சத்தம் மேலே போகாமல் வளைந்து கீழேயே ஓடும், மகாவலிக்கு அக்கரைவரை கேட்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு சரியானதுதான்; நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டின் கூரைக்கு மேல் ஹோர்ன் கட்டிய கை என்னுடையது, அதனால் சொல்கிறேன். விடிய விடிய நடந்த வாடகை அத்தோடு நின்றது. ஹோர்ன்கள் கடையின் பின் அறையில் குளவி கூடு கட்டத் தொங்கின.

அவற்றை மறுபடி இறக்க வைத்தவர் எங்கள் ஊர் நானா ஒருவர். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தவுலகலைக்குப் போகிற வீதியில், சரிவில் கட்டிய வீடு. ஒரு தியேட்டர் மூடப்பட்டபோது அதன் திரைக்குப் பின்னால் இருந்த 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை லொறியில் ஏற்றி வந்து ஹோலில் வைத்திருந்தார். மேலே இருந்திருக்க வேண்டிய ஹோர்ன்கள் இல்லை. துருப்பிடித்துப்போனதாகச் சொல்லி இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

"தம்பி, உங்க வாப்பா கந்தூரிக்குக் கட்டின ஹோர்ன்ல நாகூர் ஹனீபா பாடினா வந்து நெஞ்சுல படும். வீட்டுக்குள்ள அப்படிக் கேக்கேலுமா?" என்று கேட்டார். இது 2018இல்.

அவர் கேட்டது உரத்த சத்தத்தை அல்ல என்று எனக்கு உடனே விளங்கியது. சத்தம் வேண்டுமென்றால் இன்றைக்குக் கடையில் விற்கிற எந்தப் பெட்டியும் தரும். ஹோர்னில் குரல் வேறு விதமாக வரும். பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்கும். தபேலாவில் விரல் பட்ட கணம் தனியாகத் தெரியும். அதற்குக் காரணம் உண்டு. விரித்த உள்ளங்கையை வெறும் காற்றில் வீசிப் பாருங்கள், காற்று விரலிடுக்கால் வழுவிப்போகும். சாதாரண ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்புக்கு நடப்பதும் அதுதான். கொடுத்த மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே சத்தமாகிறது, மற்றதெல்லாம் வெப்பமாகப் போகிறது. அதே காற்றை ஒரு ஒடுக்கமான தொண்டைக்குள் அடைத்தால் அதற்கு விலகி ஓட இடமில்லை, தள்ளுவதை வாங்கியே ஆக வேண்டும். பிறகு வழி கொஞ்சம் கொஞ்சமாக அகன்று வெளிக்காற்றோடு சேர்கிறது. நாகசுரத்தின் அடியில் அணசு இருப்பதும், தலதா மாளிகையில் ஊதுகிற ஹொரணைக்குப் பித்தளை வாய் இருப்பதும் இதற்காகத்தான். டயபிரம் மயிரிழை அளவு அசைந்தால் போதும். குறைவாக அசைகிற பொருள் குறைவாகவே பிழை செய்யும்.

இதைக் கணக்காக எழுதியவர் அமெரிக்காவின் ஆர்தர் கோர்டன் வெப்ஸ்டர், 1919இல். பேசும் படம் வந்தபோது ஒரு சில வாட் மட்டுமே தரும் அம்பை வைத்துக்கொண்டு ஒரு கொட்டகையையே நிரப்ப வேண்டியிருந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 555 யூனிட் ஆளுயர ஹோர்ன்களோடு 1926இல் அதைச் செய்தது. 1945இல் அல்டெக் லான்சிங் நிறுவனம் ‘வொய்ஸ் ஒஃப் த தியேட்டர்’ என்ற வரிசையைக் கொண்டுவந்தது. கீழே 15 அங்குலப் பெட்டி, மேலே ஹோர்ன். நானாவின் பெட்டிகள் அந்தக் குடும்பத்தின் தூரத்துப் பிள்ளைகள்.

முதலில் அப்பாவின் திருவிழா யூனிட்டையே துடைத்து வைத்துப் பார்த்தேன். குரல் வந்தது, பக்கத்தில் வந்தது. ஆனால் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமில்லை. ஜால்ரா தகரம்போலக் கேட்டது. அந்த யூனிட் சொல் விளங்குவதற்கென்று செய்தது, அதைக் குறை சொல்வது பாவம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நாலு நாள் அலைந்து, பாவித்த ஒரு அங்குல டிரைவர் சோடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். டிரைவர் என்பது ஹோர்னுக்குப் பின்னால் பூட்டுகிற யூனிட்; ஒரு அங்குலம் என்பது அது காற்றை வெளியே விடுகிற துவாரத்தின் அகலம். அதற்கு ஏற்ற ஹோர்னை நாமே செய்ய வேண்டும்.

செய்வதற்கு இந்தப் பகுதியைவிட நல்ல இடம் எது? தவுலகலையைத் தாண்டினால் எம்பெக்கை. தேவாலயத்தின் மரத்தூண் சிற்பங்களைப் பார்க்க உலகமே வருகிற ஊர். சுற்றுவட்டாரத்தில் இன்னும் மரம் கடைகிற கைகள் இருக்கின்றன. பித்தளை வேலைக்குப் பிலிமத்தலாவை இருக்கிறது. டிரைவரையும் மரத்தையும் இணைக்கிற வளையத்தை அங்கேதான் வார்த்துக் கடைந்து வாங்கினேன். ஹோர்னைக் கடைந்தவர் சிங்களவர், எல்லோருக்கும் பாஸ். நான் தாளில் கோடு கீறிக்கொண்டு போனேன்.

அந்தக் கோட்டின் கணக்கு கடினமானதல்ல. எங்கள் ஊரில் காலை 25 பாகை வெப்பத்தில் சத்தம் செக்கனுக்கு 346 மீட்டர் ஓடும். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது இதில் சேராது, ஏறக்குறைய வெப்பம் மட்டும்தான் சேரும். 400 ஹெர்ட்ஸ் வரை தாங்குகிற ஹோர்ன் வேண்டுமென்றால், தொண்டையிலிருந்து ஒவ்வொரு 4.8 சென்டிமீட்டருக்கும் உள்பரப்பு இரட்டிக்க வேண்டும். 400 ஹெர்ட்ஸின் அலைநீளம் 86.5 சென்டிமீட்டர். வாயின் சுற்றளவு அந்த நீளத்துக்காவது வர வேண்டும், அதாவது வாய் 27.5 சென்டிமீட்டர் அகலம். ஒரு அங்குலத்தில் தொடங்கி அந்த அகலத்தை எட்ட 33 சென்டிமீட்டர் நீளம் பிடிக்கும். தசமக் கணக்கு தெரிந்த பிள்ளைக்கும் இது வரும்.

பாஸிடம் அப்போது இருந்த பலா மரக்கட்டை அவ்வளவு அகலம் வரவில்லை. 18 சென்டிமீட்டர் வாய்க்குத்தான் காணும் என்றார். கோடு அதே கோடுதானே, கொஞ்சம் முன்னாலேயே வெட்டிக்கொண்டால் என்ன என்று நானும் தலையாட்டினேன். 27 சென்டிமீட்டரில் ஹோர்ன் முடிந்தது. பார்க்க அத்தனை அழகு. பலா மரத்தின் மஞ்சள் மினுங்கியது. பூட்டி, ஹனீபாவைப் போட்டோம்.

நானா ஒரு பாட்டு முழுக்கப் பேசாமல் கேட்டார். பிறகு மெதுவாக, "தம்பி, இவர் மூக்கால பாடுறாரே" என்றார்.

எனக்கும் கேட்டது. வாயைச் சுற்றிக் கையைக் குவித்துப் பேசினால் வருகிற குரல். நான் செய்த முதல் பிழை, ஈக்வலைசரைத் திருகியது. 600இல் குறைத்தால் 1,200இல் எழும்பியது. அதை அமுக்கினால் குரலின் உயிர் போனது. இரண்டு வாரம் இப்படியே போயிற்று. கையில் அப்போது அளக்கும் மைக் இல்லை. பழைய முறையில், டிரைவரோடு 100 ஓம் தடையொன்றைத் தொடராகப் போட்டு, 300 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 வரை 50, 50 ஆக மீடிறனை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் மல்டிமீட்டரில் வோல்ட்டைப் பார்த்து, மகளின் வரைபுத்தாளில் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தால் ஒழுங்கான மேடு பள்ளம். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையில் 600, 650 ஹெர்ட்ஸ்.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்கையில்தான் எனக்கு வெளித்தது. 346ஐ 640ஆல் வகுத்தால் 54 சென்டிமீட்டர். அதில் பாதி 27. என் ஹோர்னின் நீளம்! சத்தம் தொண்டையிலிருந்து போய், சின்னதாக வெட்டப்பட்ட வாயில் முட்டி, திரும்பித் தொண்டைக்கு வந்துகொண்டிருந்தது. ஈக்வலைசரில் திருகித் திருகி நான் தேடிய குறை, தச்சுப் பட்டறையின் அளவுநாடாவில் இருந்தது.

இந்தத் தொழிலில் நான் பிடித்துக்கொண்ட கயிறு அதுதான். வரைபில் தெரிகிற குறை ஒவ்வொன்றும் ஏறக்குறைய எப்போதும் ஒரு நீளம். மீடிறனை நீளமாக மாற்று, நாடாவை எடு, அந்த நீளம் அறையில் எங்கே கிடக்கிறதென்று தேடு. அது கிடைக்கும்வரை எந்தக் குமிழையும் தொடாதே. என்னிடம் வேலை பழக வந்த பையன்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பாஸ் இரண்டாம் முறை பலகைகளை வளையம் வளையமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு அடுக்கி, அதைக் கடைந்து 27.5 சென்டிமீட்டர் வாய் எடுத்துக் கொடுத்தார். விளிம்பைக் கூராக விடாமல் வெளிப்பக்கம் உருட்டினார். அது நான் கேட்காதது. "கூர் விளிம்பு ஒடிந்துவிடும்" என்றார். சத்தத்துக்கும் அதுதான் நல்லது என்று அவருக்குச் சொன்னபோது சிரித்தார். மூக்குக் குரல் போயிற்று.

பிறகு நான் ஒரு டயபிரத்தை எரித்தேன். 2019இல், கட்டாரில் இருந்த நானாவின் மகன் விடுமுறைக்கு வரும்போது யூமிக்-1 என்ற அளக்கும் மைக்கைக் கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு மைக்குக்கும் அதன் இலக்கத்துக்கேற்ற திருத்தக் கோப்பு உண்டு. லெப்டொப்பில் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஒரே இழுப்பாக ஏறுகிற ஊளை ஒன்றை அது ஓடவிடும். அந்த ஊளையிலிருந்து அறையையும் ஸ்பீக்கரையும் பிரித்துப் படிக்கிற முறையை இத்தாலியின் ஆஞ்செலோ ஃபரினா 2000ஆம் ஆண்டில் விளக்கினார். புது மைக் கையில் வந்த ஆசையில் நான் ஹோர்ன் டிரைவரை அம்போடு நேரே பூட்டி, 20இலிருந்து ஊளையை விட்டேன். டிரைவருக்குக் கீழ்ச் சத்தம் ஆகாது. 400க்குக் கீழே ஹோர்ன் காற்றைத் தாங்கிப் பிடிக்காது, டயபிரம் கட்டவிழ்ந்து துள்ளும். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். புதிய டயபிரம் வந்துசேரும்வரை நானாவின் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. இப்போது டிரைவரைத் தொடுமுன் 100 மைக்ரோஃபரட் கெபாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போடுகிறேன். அது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதைத் தடுத்துக்கொள்ளும். ஊளையை 300இலிருந்து, சின்னச் சத்தத்தில் தொடங்குகிறேன்.

சமன் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹோர்னை வீட்டுக்குள் கொண்டுவந்து கைவிட்டவர்களில் பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். எங்கள் டிரைவர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 107 டெசிபல், கீழ்ப்பெட்டி 95. வித்தியாசம் 12. அந்த 12ஐ, பாட்டை எண்களாக மாற்றிக் கையாளுகிற டிஎஸ்பி பெட்டியில் எண்ணாகக் குறைக்கலாம். குறைத்தால் பாட்டு சமனாகும், ஆனால் அம்பின் சொந்த இரைச்சல் 107இலேயே வெளியே வரும். பாட்டு நிற்கும்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு பாம்பு ஹோலில் இருக்கும். அதனால் டிரைவருக்குப் பக்கத்தில், தடைகளால் குறைக்க வேண்டும். 8 ஓம் டிரைவருக்கு 12 டெசிபல் குறைக்க 6 ஓம் தொடராக, 2.7 ஓம் குறுக்காக. 6 ஓம் கடையில் கிடைக்காது; 3.3யும் 2.7யும் சேர்த்தால் வரும். பாம்பு போய்விட்டது.

இனி 800 ஹெர்ட்ஸில் விழுந்த பள்ளம்.

கீழ்ப்பெட்டி 800 வரை, அதற்கு மேலே ஹோர்ன் என்று பிரித்திருந்தோம். சரிவு லிங்க்விட்ஸ் - ரைலி வகை, ஸ்தாயிக்கு 24 டெசிபல். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கைகோத்துப் போக வேண்டும். தனித்தனியாக அளந்தால் இரண்டும் நேர்த்தி. சேர்த்து அளந்தால் சரியாக 800இல் கிணறு. பெண் குரலில் ஒரு சுரம் விழுந்துவிடுகிறது என்று நானா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சுட்டிய சுரம் ஏறக்குறைய அங்கேதான் இருந்தது.

346ஐ 800ஆல் வகுத்தால் 43 சென்டிமீட்டர். பாதி, 21.5. நாடாவை எடுத்தேன். ஹோர்னின் வாய் பெட்டியின் முகத்தோடு ஒரே நேரில் இருந்தது. அப்படி வைத்தால்தானே பார்வைக்கு அழகு. ஆனால் சத்தம் புறப்படுவது வாயில் அல்ல, தொண்டைக்குப் பின்னால் இருக்கிற டயபிரத்தில். அது 33 சென்டிமீட்டர் பின்னால். கீழ் ஸ்பீக்கரின் கொயில் முகத்திலிருந்து 11 சென்டிமீட்டர் உள்ளே. வித்தியாசம் 22. ஹோர்னின் சத்தம் ஒவ்வொரு முறையும் அரை அலை பிந்தி வந்து, கீழ்ப்பெட்டியின் சத்தத்தை அழித்துக்கொண்டிருந்தது.

ஹோர்னின் வயரை மாற்றிப் பூட்டினால் 800இல் கிணறு தூர்ந்துவிடும். பழைய தியேட்டர்களில் அப்படியும் செய்ததுண்டு. ஆனால் அது அந்த ஒரு மீடிறனில் மட்டும் சரிவரும். மேலும் கீழும் பிசகு அப்படியே கிடக்கும், தபேலாவின் தட்டு இரண்டாகப் பிளந்து கேட்கும். நான் கீழ்ப்பெட்டியை டிஎஸ்பியில் பிந்த வைத்தேன். 22 சென்டிமீட்டர் என்றால் 0.64 மில்லிசெக்கன். சரிவந்ததா என்று பார்க்க நான் எப்போதும் செய்கிற சோதனை ஒன்று உண்டு. ஹோர்ன் வயரை வேண்டுமென்றே தலைகீழாகப் பூட்டி அளப்பது. இரண்டும் உண்மையில் சேர்ந்து வருகின்றன என்றால், தலைகீழாகப் பூட்டும்போது 800இல் கிணறு அடிகாண முடியாத ஆழம் போகும். 0.60, 0.62, 0.64, 0.66 என்று மாற்றி மாற்றி அளந்தேன். 0.64இல் கிணறு ஆகக் கூடிய ஆழம் போயிற்று. நாடா சொன்னதையே மைக்கும் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! வயரை நேராகப் பூட்டி, நானாவைக் கூப்பிட்டேன். அவர் சாரத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, அதே பாட்டை மூன்று தரம் போடச் சொன்னார்.

"இப்ப அந்த மனுசி முழுசாப் பாடுது" என்றார்.

அறைக்குள் அளப்பதற்கு ஒரு எல்லை உண்டு. மைக்கையும் ஹோர்னையும் 1.1 மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால், நிலத்தில் பட்டு வருகிற சத்தம் நேரே வருவதைவிட 1.4 மீட்டர் கூடுதலாக நடக்கிறது. 4 மில்லிசெக்கன் பிந்தி வரும். அதற்கு முன்னால் வரைபை வெட்டிக்கொண்டால் ஸ்பீக்கரின் குரல் மட்டும் கிடைக்கும், ஆனால் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே குருடு. கீழ்ச் சத்தம் பார்க்க வெளியேதான் போக வேண்டும். நானாவின் மச்சான் வீட்டில் கராம்பு காயவைக்கிற சீமெந்துத் தளம் ஒன்று இருந்தது; பக்கத்துச் சுவர் 8 மீட்டருக்கு அப்பால். பெட்டியை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். மைக்கைத் தரையிலேயே கிடத்திவிட்டால் தரையில் பட்டு வருவதும் நேரே வருவதும் ஒன்றாகிவிடும், பிந்துவதற்கு வழியில்லை. அளவு 6 டெசிபல் கூடிக் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளலாம். கராம்பு வாசத்துக்கு நடுவே அன்று எடுத்த வரைபுதான் என்னிடம் இருக்கிற ஆகச் சுத்தமான வரைபு.

அதை ஹோலில் எடுத்ததன் மேல் வைத்துப் பார்த்தபோது, ஹோலில் மட்டும் 120 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம். 346ஐ 120ஆல் வகுத்து, நாலில் ஒன்று எடுத்தால் 72 சென்டிமீட்டர். பெட்டியின் முகத்துக்கும் பின்சுவருக்கும் இடையே 72. சுவரில் பட்டுத் திரும்புவது நேரே போவதை அங்கே அழிக்கிறது. பெட்டியைச் சுவரோடு ஒட்டத் தள்ளினோம். பள்ளம் 165 பக்கம் ஏறிச் சின்னதாகிவிட்டது. பால் கிளிப்ஷ் 1946இல் அமெரிக்காவின் ஹோப் என்ற சின்ன ஊரில் கம்பனி தொடங்கி விற்ற ஹோர்ன் பெட்டி அறை மூலைக்கென்றே செய்தது. 40 ஹெர்ட்ஸுக்கு நியாயமான வாய் வேண்டுமென்றால் இரண்டே முக்கால் மீட்டர் அகலம் வேண்டும், எந்த வீட்டில் வைப்பது? மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் நிலமும் ஹோர்னின் மிச்சமாகிவிடும். அதை நான் புத்தகத்தில் படித்தது பல காலத்துக்கு முன்னால். 72 சென்டிமீட்டரை நாடாவில் பார்த்த பிறகுதான் எனக்குள் இறங்கியது.

ஹோலின் நீளம் 5.5 மீட்டர். அந்த நீளத்தின் முதல் அதிர்வு 31 ஹெர்ட்ஸ், குறுக்கில் 47, உயரத்தில் 60. நானாவின் சாய்மனைக் கதிரை நடு ஹோலில் இருந்தது. நீளவாட்டின் அதிர்வு செத்துப்போகிற இடம். இரண்டு அடி பின்னால் நகர்த்தச் சொன்னேன். நானாவின் மனைவி, அங்கே வைத்தால் சமையலறைக்குப் போகிற வழி அடைபடும் என்றார். ஒன்றரை அடியில் சமாதானமானோம். சிவப்புச் சீமெந்து நிலத்தில் தடித்த கம்பளம் ஒன்றை விரித்தோம். அறை வேலை அத்தோடு முடிந்தது. அறையைப் பஞ்சால் நிறைக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு குடும்பம் சோறு தின்று, தொழுது, பிள்ளைகள் பாடம் படிக்கிற இடம்.

2022 மார்ச் முடிவில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஒரு பின்னேரம் நானாவின் வீட்டைக் கடந்து போகையில் உள்ளே பாட்டுக் கேட்டது. ஊரே இருட்டு. எட்டிப் பார்த்தால், பழைய வேன் பற்றரி ஒன்றில் சின்ன 12 வோல்ட் அம்புகளையும் டிஎஸ்பி பெட்டியையும் பூட்டி வைத்துக்கொண்டு, குப்பி விளக்கு வெளிச்சத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து 80 டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவாகக் கேட்க, கீழ்ப்பெட்டிக்குக் கால் வாட் போதும். ஹோர்னுக்கு, அதன் தடைகளைக் கடந்து போய்ச் சேருவது ஒரு வாட்டில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. அந்தப் பற்றரியில் அவர் இரவு முழுக்கக் கேட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் கம்பளத்தில் படுத்திருந்தார்கள். ஊரைக் கூட்டுவதற்கென்று அப்பாவோடு நான் மரத்தில் கட்டிய அதே வகைச் சாமான், அந்த இருட்டில் நாலு பேருக்கு மட்டும் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றே கேட்டேன்.

வருடத்துக்கு ஒரு தரம் போய் அளந்து, பழைய வரைபின்மேல் வைத்துப் பார்ப்பேன். மழைக்காலத்து ஈரத்தில் மரம் ஊதும், டிரைவரின் ஆணி இளகும். போன வருடம் இடது ஹோர்னில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே 2 டெசிபல் குறைந்திருந்தது. டிரைவருக்கும் பித்தளை வளையத்துக்கும் இடையில் இருந்த வாஷர் விலகியிருந்தது. சரிசெய்துவிட்டு, வழக்கம்போல நானாவை உட்காரவைத்தேன். வித்தியாசம் தெரிகிறதா என்றேன். அவருக்கு இப்போது 76 வயது.

"எனக்கு ஜால்ராவே இப்ப கேக்கிறதில்ல தம்பி" என்றார்.

மேலே 4, 5 டெசிபல் தூக்கிவிடட்டுமா, உங்களுக்குக் கேட்கும் என்றேன். எண்ணை மாற்றக் கையும் போய்விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். அந்தக் கோடு நேரா இருக்கட்டும். பேரப் புள்ளைகள் கேக்கிறாங்கதானே. எனக்கு இதெல்லாம் எப்படிக் கேட்டிச்சு எண்டு எனக்கு ஞாபகம் இரிக்கு."

பிறகு உள்ளே போய் ஒரு பென்சில் கொண்டுவந்தார். கணக்கு எழுதியவர், அவரிடம் எப்போதும் சீவிய பென்சில் இருக்கும். நாளைக்கு நீயும் நானும் இல்லாவிட்டால் இதை யார் எப்படித் திருத்துவது, எழுதி வை என்றார். பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, டோர்ச் பிடித்துக்கொண்டு, உள்பக்கம் எழுதினேன். தொண்டை 1 அங்குலம். வாய் 27.5. நீளம் 33. பின்னடைவு 22 செ.மீ., 0.64. தடை 6, 2.7. சுவரோடு ஒட்டி வைக்கவும். எல்லாவற்றுக்கும் மேலே, கொஞ்சம் பெரிதாக, 346 என்று எழுதி, திகதி போட்டு, பலகையை மூடினேன்.